புதுப்பிப்பு: குழந்தையின் முன்பற்களில் வெள்ளைக் கோடு, பெங்களூரு

இரண்டரை வயது மகளின் மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஜெயநகரில் குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டினோம். சொத்தையின் முதல் கட்டம்தான், குழி விழவில்லை, இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். ஃப்ளோரைடு வார்னிஷ் (பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் பூச்சு) தடவினார். சில நிமிட வேலை, வலியில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி தடவினார்.

ஆனால் பெரிய மாற்றம் தந்தது இங்கே பதில் எழுதிய மதுரை அக்கா சொன்ன யோசனை: தூங்கும்போது பால் பாட்டில் கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் பால் பல்லிலேயே தங்கிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தவில்லை. பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்கினோம். முதலில் அழுதாள்தான், தாங்கிக்கொள்ளுங்கள், பலன் உண்டு.

பேஸ்ட் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளோரைடு உள்ளது, அரிசி அளவு. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்.

மருத்துவர் கேட்டதில் நான் எதிர்பாராத கேள்வி ஒன்று: குடிப்பது காவிரித் தண்ணீரா, போர்வெல்லா? கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி அதிகம். பல்லில் வெள்ளைத் திட்டு அதனாலும் வரலாமாம். போர்வெல் வீட்டுக்காரர்கள் மருத்துவரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். எங்களுடையது காவிரி.

கோடு முழுசாக மறையவில்லை. ஆனால் சுண்ணாம்பு போன்ற மங்கல் போய்ப் பளபளப்பு வந்திருக்கிறது. சொத்தை நின்றதற்கு அதுதான் அடையாளம் என்றார் மருத்துவர்.