டோக்கியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஸ்டேஷன், போர்டு, வெளிச்சம், கண்

ஓத்தேமாச்சியில் ஆபீஸ், நிஷி-கசாயில் வீடு தேடுகிறேன், ஸ்டேஷனைச் சுற்றியுள்ள போர்டும் திரையும் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வந்த புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான்.

முதலில், எல்லாவற்றையும் படிக்கப் பார்க்காதீர்கள். இந்த ஊர்க்காரர்களே படிப்பதில்லை. உங்கள் தடம் தோசாய் மெட்ரோ: வான்நீல வளையம், நடுவில் ஆங்கில 'டி' (T) எழுத்து. 2004-இலிருந்து மெட்ரோ நிலையங்களுக்கு எண் உண்டு. ஓத்தேமாச்சி டி09, நிஷி-கசாய் டி16. எண் ஏறினால் வீடு, இறங்கினால் ஆபீஸ். ஓத்தேமாச்சியில் ஐந்து தடங்கள் சந்திக்கின்றன, ஆனால் உங்கள் கண் நீல வளையத்தை மட்டும் தேடினால் போதும். வெளியே போக மஞ்சள் பலகை. சி1 மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருக்கும் வாசல் பெயரைக் கிளம்பும் முன்பே போனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி எந்தப் படிக்கட்டுக்குப் பக்கம் என்ற அட்டவணையும் பிளாட்பாரத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஏறினால் இறங்கியபின் தேடுவது பாதியாகக் குறையும்.

தரையில் மேடுமேடாக இருக்கும் மஞ்சள் கட்டைகள் நமக்கானவை அல்ல. பார்வையற்றோருக்காக 1967-இல் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்தவை. அவற்றின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

ஷின்ஜுகு ஸ்டேஷனில் 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். 2020 ஜூலையிலிருந்து டிக்கெட் கேட்டைத் தாண்டாமலே கிழக்கிலிருந்து மேற்கே நடக்க வழி இருக்கிறது. அவசியம் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் முதல் மாதம் போகவே வேண்டாம் என்பேன்.

காலை தோசாய் ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 கணக்கில் கிபாவுக்கும் மொன்சென்-நகாச்சோவுக்கும் இடையே நெரிசல் 199 சதவீதம். தலைக்கு மேல் தொங்கும் விளம்பரம், கதவுக்கு மேல் திரை, முகத்துக்கு எதிரே யாரோ ஒருவரின் கோட்டு. மாலையில் திரும்பும்போது மினாமி-சுனாமாச்சி தாண்டியதும் போனைப் பையில் போட்டுவிடுங்கள். ரயில் சுரங்கத்தை விட்டு மேலேறி அரகாவா ஆற்றுப் பாலத்தில் போகும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெறும் தண்ணீரும் வானமும்தான். நாள் முழுக்க ஸ்கிரீன் பார்த்த கண்ணுக்கு அன்றைக்குக் கிடைக்கும் முதல் தூரப்பார்வை அதுதான்.

இனி வீடு. இதில் அவசரப்படாதீர்கள். ஏஜென்ட் வீட்டைப் பகலில்தான் காட்டுவார். இரவு எட்டு மணிக்கு மேல் நீங்களே போய்த் தெருவில் நின்று அந்த ஜன்னலைப் பாருங்கள். நிஷி-கசாய் ஸ்டேஷன் உயரத்தில் இருப்பதால், தண்டவாளத்தை ஒட்டிய கட்டடங்களில் இரண்டாம் மூன்றாம் மாடிக்கு நேராக ரயில் வெளிச்சம் ஓடும். எதிரே பச்சின்கோ (குண்டு உருட்டும் சூதாட்ட மெஷின்) கடை என்றால் இரவு 11 மணிக்குள் மூடிவிடுவார்கள், பரவாயில்லை. 24 மணி நேரக் கடையின் போர்டு விடிய விடிய எரியும், அதுதான் தொல்லை. ஐந்து நிமிடம் கூடுதலாக நடக்கலாம் என்றால் யூஆர் (UR) என்ற அரசு சார்ந்த அமைப்பின் வாடகைக் குடியிருப்புகளையும் பாருங்கள். கட்டடங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி, ஜாமீனும் கேட்கமாட்டார்கள்.

வாடகை வீட்டில் திரைச்சீலை இருக்காது, பல வீடுகளில் விளக்குகூட இருக்காது. 'ஷாக்கோ' என்ற, வெளிச்சத்தை மறைக்கும் திரை வாங்குங்கள். முதல் தரம் 99.99 சதவீதம் வெளிச்சத்தை மறைக்கும், மூன்றாம் தரம் 99.40. கேட்க ஒன்று போலத்தான் இருக்கிறது, போர்டு வெளிச்சத்துக்கு எதிரே படுத்தால் வித்தியாசம் தெரியும். கடைக்குப் போகும் முன் கம்பியின் வளையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். ரெடிமேடில் 135, 178, 200 செ.மீ. நீளங்கள் சுலபமாகக் கிடைக்கும். பகலுக்கு உள்ளே தெரியாத மிரர் லேஸ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். விளக்கில் 'தென்கியூஷோக்கு' என்றிருப்பதுதான் நம் பழைய குண்டு பல்பின் மஞ்சள் நிறம். படுக்கையறைக்கு அது போதும்.

//கண் எரிச்சலும் நீர் வடிதலும் இருக்கிறது, வெளிச்சத்தாலா?// என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்றால் பாவம், போர்டுகளைத் திட்டாதீர்கள். அது சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் மகரந்தமாக இருக்கலாம். அரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முகத்தோடு ஒட்டும் கண்ணாடி மருந்துக் கடையிலேயே கிடைக்கும், சொட்டு மருந்துக்கு மட்டும் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.