புதுப்பிப்பு: வல்ச்சர் கப்பலில் பவர் பற்றாக்குறை தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டில் வல்ச்சர் கப்பல் வாங்கினேன், ஆயுதங்களை வெளியே எடுத்ததுமே கப்பல் மொத்தமும் அணைகிறது, விற்றுவிடலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் 4ஏ (அளவு 4, தரம் ஏ) பவர் பிளான்ட், அதாவது கப்பலின் மின் உற்பத்திக் கருவி, போட்டேன். 15.6 மெகாவாட். போதவில்லை, இரண்டு பெரிய லேசரும் ஷீல்டும் சேர்ந்து தின்றுவிடுகின்றன. வேலை செய்தது தர்மபுரி அண்ணன் சொன்ன யோசனைதான்: "வீட்டு இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜை மாட்டுவாயா?" கப்பலின் கருவிகளைப் பட்டியலிடும் மாட்யூல்ஸ் பக்கத்தில் சரக்குக் கதவையும் ஃபிரேம் ஷிப்ட் டிரைவையும் (தூரத்துக்குத் தாவ உதவும் எஞ்சின்) முன்னுரிமை 5க்குத் தள்ளினேன்; பவர் போதாதபோது முதலில் அணைவது அந்தக் கடைசி வரிசைதான். சண்டையில் அவை மட்டும் அணைகின்றன. எதற்கும் உதவாத அந்தக் கதவு மட்டுமே 0.6 மெகாவாட் இழுத்துக்கொண்டிருந்தது!

எதிர்பாராதது ஒன்று. ஓட வேண்டிய நேரத்தில் ஆயுதங்களை உள்ளே இழுத்தாலும், டிரைவ் மறுபடி உயிர் பெறச் சில நொடிகள் பிடிக்கிறது. அதற்குள் ஒருமுறை வெடித்தேன். திரையில் ஷீல்டைக் காட்டும் வளையங்களில் கடைசி வளையம் வரை காத்திருக்காதீர்கள்.

மற்றபடி சுமார் 49 லட்சம் கிரெடிட்டுக்கு அருமையான சண்டைக் கப்பல். அனகோண்டா என்ற பெரிய கப்பலின் வால் பக்கம் ஒட்டிக்கொண்டால் அதனால் திரும்பவே முடியாது. தாவும் தூரம்தான் மோசம், வேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் கிருஷ்ணகிரியில் இருந்து சென்னைக்கே போய்விடலாம். விற்கவில்லை.