மட்சுவேயில் ஐந்து இரவுகள்: தம்பதியருக்கு நிதானப் பயணமா, வீண் செலவா?

நிதானன்:
ஜப்பானுக்குச் செல்லும் தம்பதியர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதைவிட, ஷிமனே மாநிலத்தின் மட்சுவேயில் ஐந்து இரவுகள் தங்குவதே மேல் என்பது என் கருத்து. 1611-இல் கட்டி முடிக்கப்பட்ட கோட்டையின் அகழியில் ஐம்பது நிமிடம் படகில் சுற்றி வரலாம். தாழ்வான பாலம் வரும்போது படகின் கூரையே கீழிறங்கும். அனைவரும் முதுகை வளைத்துக் குனிந்துகொள்ள வேண்டும். ஷின்ஜி ஏரிக்கரையில் உள்ள மாநிலக் கலைக்கூடம், மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மூடப்படுகிறது. அந்தி வேளைக்காக அலுவல் நேரத்தையே மாற்றிக்கொண்ட ஊரில் அவசரப்பட என்ன இருக்கிறது?

ரயில்பிரியன்:
அழகை நான் மறுக்கவில்லை, கணக்கைத்தான் கேட்கிறேன். ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் மட்சுவேக்கு வருவதில்லை. டோக்கியோவிலிருந்து ஒகயாமா சென்று, அங்கு யாகுமோ விரைவு வண்டிக்கு மாறினால், போகவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது. டோக்கியோவிலிருந்து கனசாவா நகருக்கோ இரண்டரை மணி நேரம் போதும். கென்ரோகுவென் தோட்டம், சாமுராய் தெருக்கள், தேநீர் மரபு எல்லாம் அங்கும் உண்டு. மட்சுவேயைப் புகழ்ந்து எழுதிய எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன்கூட 1890-இல் வந்து, குளிர் தாங்காமல் மறு ஆண்டே தெற்கே குமமோட்டோ நகருக்குப் போய்விட்டார்.

நிதானன்:
குமமோட்டோவில் சம்பளம் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா. இந்த ஊர்ப் பெண்ணான செட்சுவை மணந்துகொண்ட பிறகுதான் அவர் கிளம்பினார். 2015-இல் ஷிங்கான்சென் வந்தபின் கனசாவாவின் தேநீர் வீதிகளில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே சுலபமாகப் போக முடிகிறது என்பதே அமைதி தேடுபவருக்குக் குறைதான்.

கோலப்பொடி:
இருவரும் சோற்றை மறந்துவிட்டீர்கள். நாங்கள் சைவம். ஷின்ஜி ஏரியின் சிஜிமி சிப்பிதான் அந்த ஊரின் பெருமை. மிசோ எனும் புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் அதுவே மிதக்கும். சிப்பி இல்லாத சூப்பிலும் மீன் வடிசாறு இருக்கும். ஐந்து நாளும் தயிரும் பழமுமாகக் கழித்தால் நிதானம் வராது, சண்டைதான் வரும். அடுக்களை உள்ள தங்குமிடம் கிடைத்தாலொழிய நான் இதற்கு உடன்படமாட்டேன்.

நிதானன்:
அது நியாயமான கவலை, அம்மா. அடுக்களை உள்ள இடத்தைத் தேடிக்கொள்வதே நல்லது. இனிப்பில் மட்டும் குறை வராது: பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட மட்சுதாயிரா ஃபுமாய் பெரிய தேநீர்ப் பித்தர், அரிசி மாவிலும் பயற்று விழுதிலும் செய்யும் பலகாரங்கள் அவர் காலத்திலிருந்தே இங்கு பெயர்பெற்றவை. யாயெகாகி கோயில் குளத்தில் காகிதத்தின் மேல் நாணயம் வைத்து மிதக்க விட்டால், அது மூழ்கும் வேகத்தை வைத்துத் திருமணம் எப்போது கூடும் என்று சொல்வார்கள்.

ரயில்பிரியன்:
திருமணம் ஆனவர்களுக்கு அந்தக் குளத்தில் என்ன வேலை? இரண்டு இரவுகள், அதோடு இசுமோ பெருங்கோயிலுக்கு ஒரு பகல். அதற்கு மேல் தங்க அங்கு எதுவும் இல்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. போவதென்று முடிவெடுத்தால், டோக்கியோவில் இரவு பத்து மணிக்குச் சற்று முன் புறப்படும் சன்ரைஸ் இசுமோ படுக்கை வண்டியில் ஏறுங்கள். மறுநாள் காலை ஒன்பதரை மணியளவில் மட்சுவேயில் இறங்கலாம். இருவர் அறைகள் குறைவு. ஒரு மாதம் முன்பு, முன்பதிவு திறக்கும் காலை பத்து மணிக்கே முயல வேண்டும்.