சந்தியடியில் நட்ட கொங்கிரீட் கட்டைகள் தேவையா?

குளத்தடியான்
முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், ஏ9 றோட்டு ஓரம் எங்கள் சந்தி. மாசி மாதம் றோட்டுக்கரையோடு 11 கொங்கிரீட் கட்டைகள் நட்டார்கள். ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் நிற்கிற இடத்துக்குள் வாகனம் ஏறக்கூடாதாம். போன கிழமை இரவு மாடு ஒன்று குறுக்கே வர, மோட்டார்சைக்கிளைக் கரைக்கு வெட்டினேன். மூன்றாவது கட்டையில் அடி. வலது தோள்மூட்டு விலகிவிட்டது, இதை இடக்கையால் தட்டுகிறேன். கட்டை இல்லையென்றால் புல்லுக்குள் விழுந்து எழும்பியிருப்பேன். பிடுங்க வேண்டும்.

சந்தியடி ரீச்சர்
முதலில் சுகமாகுங்கள் தம்பி. ஆனால் பிடுங்கச் சொல்லாதீர்கள். கட்டை வர முதல், நிற்கிற பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்தப் பார்க்கிற கன்ரர் லொறி கரையில் இறங்கி ஓடும். பிள்ளைகள் வேலியோடு ஒட்டி நிற்பார்கள். நீங்கள் விழ நினைத்த புல்லில்தான் அவர்கள் நிற்கிறார்கள். எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வந்தீர்கள்?

குளத்தடியான்
70க்குள்தான் ரீச்சர்.

லொறிக்காரன்
70 ஊர்மனைக்கு வெளியே. சந்திக்குள் 50தான். கணக்கைப் பார் தம்பி: 70இல் விநாடிக்கு 19 மீற்றர். மாட்டைக் கண்டு பிறேக் பிடிக்க ஒன்றரை விநாடி, அதற்குள்ளேயே 29 மீற்றர் போய்விடும். நிற்க இன்னும் 28. 50இல் வந்தால் எல்லாமாக 35தான். மாட்டுக்காரனையும் கேட்கத்தான் வேண்டும், அது வேறு கதை.

அதற்காகக் கட்டை நட்டவர்களை விடவும் முடியாது. வெள்ளை அடித்து, தலையில் சிவப்பு றிஃப்ளெக்டர் ஒட்டினார்கள். மழைக்குச் சேறு, வெயிலுக்குப் புழுதி. இப்போது இருட்டில் கட்டையும் கரையும் ஒரே நிறம். வளைவுகளில் நடுகிற, அடிபட்டால் மடிகிற பிளாஸ்ரிக் கட்டைகள் இருக்கின்றனவே?

சந்தியடி ரீச்சர்
மடிகிற கட்டை கன்ரரை மறிக்குமா?

லொறிக்காரன்
மறிக்காது. பிள்ளைகள் நிற்கிற அந்தப் பத்து யார் நீளத்துக்கு வலுவானதுதான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டைக்குப் பதில் நீளத்துக்கு இரும்புத் தடுப்புப் போட்டாலும் அதன் நுனி வாகனத்தைப் பார்த்து நிற்கக்கூடாது, கரைப்பக்கம் விலகி வளைய வேண்டும். இல்லாவிட்டால் ஈட்டி மாதிரி உள்ளே ஏறும்.

மாங்குளத்தான்
கட்டையை விடுங்கள், நெல்லுக்கு வைக்கிற கல்லை யார் கேட்பது? காலபோக நெல் வெட்டு முடிந்தால் பாதி றோட்டில் படங்கு விரித்து நெல் காயப்போடுவார்கள், சுற்றிவரக் கல்லு, மரக்குற்றி, பழைய ரயர். பின்னேரம் நெல் வீட்டுக்குப் போய்விடும். கல்லு இரவு முழுக்க அங்கேதான் கிடக்கும்.

வயல்காரி
கல்லு வைக்காவிட்டால் நெல்லுக்கு மேலால் ஓடுவீர்கள். ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்காவிட்டால் முழு விலை இல்லை, யாவாரி அடிமாட்டு விலை கேட்பான். காயவிடத் தளம் ஊரில் இல்லை. கல்லை விட்டுப் போவது பிழைதான். நான் வேலியடியில் அடுக்கிவிட்டுத்தான் போவேன்.

மூன்றுசில்லு
எல்லாரும் வாகனத்தில் இருந்தே பார்க்கிறீர்கள். எனக்கு 2009இல் கால் போனது, கையால் சுற்றுகிற மூன்றுசில்லுச் சைக்கிள்தான். சந்திக் கடைக்கு ஏறுவதென்றால் இரண்டு கட்டைக்கு நடுவால்தான் ஏற வேண்டும். நேற்று நாடா பிடித்து அளந்தேன்: இடைவெளி இரண்டடி ஏழு அங்குலம், சைக்கிள் அகலம் இரண்டடி பத்து. மூன்று அங்குலத்துக்காக றோட்டிலேயே நின்று கடைக்காரரைக் கூப்பிடுகிறேன், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

சந்தியடி ரீச்சர்
இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணை. ஆனால் இடைவெளியைக் கூட்டினால் மோட்டார்சைக்கிள் ஏறுமே?

மூன்றுசில்லு
ஏறினால் பேசித் திருத்தலாம். நாலடி விட்டாலும் கன்ரர் ஏறாது. ஒன்று விட்டு ஒன்றைப் பிடுங்கச் சொல்லவில்லை, கடைவாசலுக்கு நேரே உள்ள ஒன்றை மட்டும் நகர்த்தினால் போதும்.

குளத்தடியான்
அண்ணைக்காக அந்த ஒன்று சரி. மற்றப் பத்தும் அப்படியே நின்றால் அடுத்தவன் அடிபடுவான் என்றுதான் இப்போதும் சொல்வேன். றிஃப்ளெக்டராவது துடையுங்கள்.

வயல்காரி
தம்பி, அந்த மாடு சிவலையா? என்ன குறி சுட்டிருந்தது?

குளத்தடியான்
இருட்டில் கட்டையே தெரியவில்லை அக்கா, குறியை எங்கே பார்க்கிறது.