பிள்ளைத்தாய்ச்சி கலங்கினால் குழந்தையின் மூளை பாதிக்குமா?

காவேரிக்கரை:
1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உறைமழை கொட்டியது. மின்கம்பிகளில் பனிக்கட்டி படர்ந்து கோபுரங்களே மடங்கி விழுந்தன. சுமார் 30 லட்சம் பேருக்கு மின்சாரம் இல்லை, சில வீடுகளில் 40 நாளுக்கும் மேல். அப்போது கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகளை மெக்கில் பல்கலைக்கழகத்தின் சூசான் கிங் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதிகம் சிரமப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் 2 வயதில் பேச்சிலும் அறிவுத்திறன் சோதனையிலும் பின்தங்கினார்கள். ஆறரை வயதில் ஆட்டிசம் சார்ந்த தன்மைகளும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன. பிள்ளைத்தாய்ச்சி கலங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது சரிதான்.

தெற்குவாசல்:
அக்கா, கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழு இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளந்தது. எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்ததா, என்ன இழப்பு என்பது ஒன்று. அந்தப் பெண் எவ்வளவு கலங்கினாள் என்பது இன்னொன்று. அறிவுத்திறனிலும் மொழியிலும் தெரிந்த வித்தியாசம் முதலாவதோடுதான் ஒத்துப்போனது.

என் தங்கைக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அப்பா இறந்துவிட்டார். "அழாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று அவளைச் சடங்கில்கூட உட்கார விடவில்லை. இன்றைக்கு மகன் ஒரு வார்த்தை தாமதமாகப் பேசினாலும், அன்று அழுததால்தானோ என்று தவிக்கிறாள். இந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியது யார்?

ஆய்வுமேசை:
மரபணுவையும் பாருங்கள். பதற்றப்படும் சுபாவம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாகவும் வரலாம். 2010இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு, சோதனைக்குழாய் முறையில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தது. சிலர் தானமாகப் பெற்ற கருமுட்டையில் உருவானவர்கள், சுமந்த தாயின் மரபணு அவர்களிடம் இல்லை. கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறுக்கும் (ADHD) தாயின் மன அழுத்தத்துக்கும் இருந்த தொடர்பு அவர்களிடம் காணப்படவில்லை. முரட்டு நடத்தையில் தொடர்பு நீடித்தது. ஆக, எல்லாப் பழியையும் கருப்பையின் மேல் போட்டுவிட முடியாது.

காவேரிக்கரை:
தம்பி, தங்கையை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஒருநாள் அழுகையை நான் சொல்லவில்லை. அதை உடம்பே தாங்கிக்கொள்ளும். மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் தாயிடமிருந்து வரும்போது, அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்க வைக்கிறது. பதற்றம் அதிகமானால் அந்தக் காவல் தளர்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவன், மாதக்கணக்கில் கடன்காரன் தொல்லை, இவற்றைத்தான் சொல்கிறேன். நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா?

தெற்குவாசல்:
விடக் கூடாது அக்கா, அதில் நாம் ஒன்றுதான். ஆனால் அதைக் கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள், அவளிடம் அல்ல. 2011இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தபோது, சில கர்ப்பிணிகளுக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்த மருத்துவச்சியின் கவனிப்பு தொடர்ந்து கிடைத்தது. 6 மாதத்தில் பார்த்தபோது, வெள்ளத்தின் பாதிப்பு அவர்களுடைய குழந்தைகளை மற்றக் குழந்தைகளைத் தொட்ட அளவுக்குத் தொடவில்லை. அந்தப் பெண்களிடம் யாரும் கலங்காதே என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தெரிந்த ஒருத்தி கூடவே இருந்தாள்.

காவேரிக்கரை:
சரி தம்பி. என் மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். நேற்றுகூட "டென்ஷன் ஆகாதே" என்றுதான் சொன்னேன். எதற்காக டென்ஷன் என்று கேட்கவே இல்லை.