மேற்பார்வையா, துணைநோக்கா: மருத்துவமாதருக்கு ஒரு சொல்

ஐயா, தம்பி, இருவருக்கும் வணக்கம்.

இங்கே இலங்கையில் கர்ப்பிணிகளையும் பிரசவத்தையும் கவனிக்கும் மருத்துவமாதருக்குக் (மிட்வைஃப்களுக்கு) கிடைக்கும் தொழில்சார் மேற்பார்வை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்குத் தமிழில் ஒரு பெயர் கேட்டிருந்தேன். ஐயா 'மருத்துவமாதர் மேற்பார்வைக் கணக்காய்வு' என்று எழுதியிருந்தீர்கள். சென்னையிலிருந்து தம்பி 'செவிலியர் மேற்பார்வைத் தணிக்கை' என்று அனுப்பியிருந்தார். ஒரு வாரமாக இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எங்கள் மாதாந்தக் கூட்டத்திலும் சொல்லிக் காட்டினேன்.

தம்பி, இலங்கையில் தணிக்கை என்றதும் போர்க்காலத்துச் செய்தித் தணிக்கைதான் நினைவுக்கு வரும். செவிலியும் இங்கே சரிவராது. நர்ஸுக்கு நாங்கள் சொல்வது தாதி. மருத்துவமாது வேறு பயிற்சி, வேறு பதவி. வீடு வீடாகப் போகிற எங்களுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் என்ற பெயரும் உண்டு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் 'மிட்வைஃப் மிஸ்' என்கிறது. மருத்துவிச்சி என்று கூப்பிடும் கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஆனால் படிவத்தில் அது ஏறாது.

கணக்காய்வு பற்றி ஐயா சொல்வது நியாயம்தான். கணக்காய்வாளர் நாயகம் (ஆடிட்டர் ஜெனரல்) வரை இங்கே பழகிய சொல். ஆனால் அலுவலகத்தில் 'கணக்காய்வு வருது' என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். களஞ்சியத்தில் சாமான் எண்ணுவார்கள், விடுபட்ட கையெழுத்துகளைத் தேடிப் போடுவார்கள். எண்ணினால் போதும் என்ற நினைப்பு அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது.

எண்ணினால் ஏன் போதாது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நான் வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். ஒரு மேலதிகாரி என் பிரிவுக்கு வந்தார். என் பிரிவுக் குடும்பங்களின் விவரம் எழுதும் 'தகுதிவாய்ந்த குடும்பப் பதிவேட்டை' விரித்தார், கட்டங்களைப் பார்த்தார், சிவப்புப் பேனாவால் கையெழுத்திட்டார், ஜீப்பில் ஏறிவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் 10 நாட்களில் இரண்டு தடவை போக வேண்டும் என்பது விதி. மழையில் வழுக்கும் படியில் ஏறி மேல் டிவிஷனுக்கு நான் எப்படிப் போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் வந்தவர் ஒரு தாதிய சகோதரி, அதாவது மூத்த தாதி. என்னோடு லயத்துக்கே நடந்து வந்தார். ஒரு காம்பராவில் எட்டு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, தலை கீழே இருக்கிறது என்றேன். அவர் பிழை என்று சொல்லவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து, 'இன்னொருக்கா மெதுவாப் பாருங்க' என்றார். தலை என்றால் உருண்டையாக, கெட்டியாக, தனியாக அசையும். என் விரலுக்குக் கீழே இருந்தது மெத்தென்று, உடம்போடு சேர்ந்தே அசைந்தது. கையை மேலே நகர்த்தினார். விலாவுக்குக் கீழே தலை. கர்ப்பிணிக்கான எச் 512 பதிவட்டையில் என் கையாலேயே எழுத வைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதமும் எழுத வைத்தார். கர்ப்பிணிக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. படி இறங்கும்போதுதான், இந்தப் பிரிவில் எது உங்களுக்குக் கஷ்டம் என்று கேட்டார்.

மாத அறிக்கையில் இந்த இரண்டு வருகையும் 'மேற்பார்வை 1', 'மேற்பார்வை 1' என்றுதான் பதிவாகியிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிற ஆய்வுக்குத்தான் நான் பெயர் தேடுகிறேன்.

மேற்பார்வை என்ற சொல்லிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. மலையகத்தில் மேலே நின்று பார்ப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கண்காணிப்பு என்று மாற்றினால் இன்னும் மோசம். கங்காணி என்ற சொல்லே கண்காணியிலிருந்து வந்ததுதானே? கொழுந்து எடுக்கிற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆளின் பெயரை, என் கைமேல் கைவைத்தவருக்கு எப்படிக் கொடுப்பது?

இங்கிலாந்தில் மருத்துவமாதருக்கான மேற்பார்வை சட்டமாகவே இருந்தது. 1902ஆம் ஆண்டின் மருத்துவமாதர் சட்டத்தோடு தொடங்கிய ஏற்பாடு. பிற்காலத்தில் 15 மருத்துவமாதருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற விகிதம், வருடம் ஒரு தடவையாவது நேரில் உட்கார்ந்து பேசுவது, 24 மணி நேரமும் ஆலோசனைக்கு ஒருவர் கிடைப்பது என்று நியமங்கள், அதாவது எட்ட வேண்டிய அளவுகோல்கள், வைத்திருந்தார்கள். அவற்றுக்கு எதிரே வைத்துத்தான் மேற்பார்வையை ஆய்வு செய்தார்கள். துணைநிற்க வேண்டியவரே தவறு நடந்தால் விசாரிப்பவராகவும் இருந்ததுதான் சிக்கலானது. 2017 மார்ச் 31 உடன் அந்தச் சட்டபூர்வ ஏற்பாட்டை நிறுத்தி, விசாரணையை வேறாக்கி, துணைநிற்றலைத் தனியாக வைத்தார்கள். நம் சொல்லிலும் அந்தப் பிரிவு தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

ஆகவே விசாரிக்கும், அதிகாரம் செலுத்தும் வேலைக்கு 'மேற்பார்வை' அப்படியே இருக்கட்டும். கூட இருந்து பார்த்துக் கைகொடுப்பதற்கு 'துணைநோக்கு'. முதலில் 'உடன்நோக்கு' என்றுதான் நினைத்தேன். புணர்ச்சிப்படி அது 'உடனோக்கு' ஆகிவிடும், வாசிப்பவருக்குப் பிடிபடாது. துணை என்றால் துணைவேந்தர் மாதிரி இரண்டாம் நிலை என்று தோன்றாதா என்று ஐயா கேட்பீர்கள். எங்கள் பக்கம் 'பேறுகாலத்துக்குத் துணைக்கு ஆள் வேணும்' என்பது தினசரிப் பேச்சு. அந்தத் துணைதான் இது.

தொழில்சார் என்பதற்குப் பதிலாக 'வாண்மை' போடலாம். தம்பிக்குப் புதிதாக இருக்கலாம், இங்கே ஆசிரியர் பயிற்சியில் நன்றாகப் பழகிய சொல். தோட்டத்தில் தொழில் என்றாலே சம்பளமும் சங்கமும்தான் முன்னால் வருகின்றன.

ஆய்வுக்கு 'நியம ஆய்வு'. வைத்த நியமம் எது, நடந்தது எது, இடைவெளியை நிரப்ப என்ன செய்தோம், திரும்பப் பார்த்தபோது குறைந்ததா என்ற நான்கும் அதில் அடங்கும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வேற்றுமை உருபுகளை விழுங்கிவிட்டு 'மருத்துவமாதர் துணைநோக்கு நியம ஆய்வு' என்று அடுக்கினால், ஆய்வுக்கு உட்படுவது மருத்துவமாதர் என்றே வாசிப்பார்கள். பயந்துபோய்ப் பதிவேட்டைத் திருத்த உட்காருவார்கள். ஆய்வு செய்யப்படுவது அவர்களுக்குக் கிடைத்த துணை. அதனால் நீளமாக இருந்தாலும் தலைப்பில் 'மருத்துவமாதருக்கான வாண்மைத் துணைநோக்கின் நியம ஆய்வு' என்று உருபோடு எழுதுவோம். உள்ளே 'துணைநோக்காய்வு' போதும்.

படிவத்தின் முதல் கேள்வியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: 'கடந்த மூன்று மாதத்தில் உங்கள் துணைநோக்கர் உங்களோடு ஒரு வீட்டுக்காவது நடந்து வந்தாரா?' 'துணைநோக்கர்' சரியா, 'துணைநோக்காளர்' சரியா என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம். ஐயா சொல்லுங்கள்.