சிவப்பு வெளிச்சத்தில் கண் நீளுமா, நீளாதா?

கருவிழி: நேற்று இங்கே ஒருவர், "சிவப்பு விளக்கில் வளர்ந்தால் கண் நீண்டு கிட்டப்பார்வை வரும், விலங்குகளில் நிரூபித்தாயிற்று" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எந்த விலங்கு ஐயா? கோழிக்குஞ்சா? ரீசஸ் குரங்குக் குட்டிகளைச் சிவப்பில் வளர்த்தபோது கண்ணின் வளர்ச்சி மந்தமாகித் தூரப்பார்வைப் பக்கம் போனது. அமெரிக்காவின் அலபாமாவில் மர மூஞ்சூறுகளை வைத்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள், அதிலும் அப்படித்தான்.

ஒளிவாத்தியார்: எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். சிவப்பு நீண்ட அலை. கண்ணுக்குள் குறைவாக வளையும், நீலத்தைவிடப் பின்னால் போய்க் குவியும். வளரும் கண் அந்தக் குவியத்தைத் துரத்திக்கொண்டு நீள்கிறது. 2013இல் சிங்கப்பூரில் கோழிக்குஞ்சில் காட்டினார்கள். சிவப்பில் கிட்டப்பார்வை வந்தது, நீலத்துக்கு மாற்றியதும் அது மறைந்தது. கினிப்பன்றியிலும் பச்சையில் வளர்ந்த கண்தான் நீலத்தில் வளர்ந்ததைவிட நீளம்.

கருவிழி: அது பச்சைக்கும் நீலத்துக்கும் நடந்த ஒப்பீடு. நான் கேட்டது சிவப்பு. குரங்கில் ஏன் நீளவில்லை?

பொன்னி: நான் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். குஞ்சுக் கூண்டில் இரவெல்லாம் சிவப்பு பல்புதான். ஒரு குருணை தப்பாமல் கொத்துகின்றன. கண் கெட்டதாகத் தெரியவில்லை.

கருவிழி: அம்மா, குஞ்சு கொத்துவது நாலு விரல் தூரத்தில். கிட்டப்பார்வை இருந்தாலும் கொத்தத்தான் செய்யும். பகல் வெளிச்சமும் உங்கள் குஞ்சுகளுக்குக் கிடைக்கிறது. ஆய்வில் அப்படி இல்லை.

தென்றல்77: மர மூஞ்சூறு எலிதானே? எலிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாதே.

கருவிழி: எலி இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், மூஞ்சூறும் இல்லை. அது பாலூட்டிகளில் தனி வரிசை, நமக்கும் குரங்குக்கும் எலியைவிட நெருங்கிய உறவு என்பார்கள். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்லில் நீலத்துக்கு ஒரு வகை, சிவப்புக்கு ஒரு வகை வைத்திருக்கிறது. சிவப்பு அதற்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கண் நீளவில்லை!

ஒளிவாத்தியார்: போன மாதம் பூச்சிக் கண் பேச்சிலும் இப்படித்தான் ஒன்றையே பிடித்துத் தொங்கினீர்கள். கடைசியில் தவறு உங்களுடையதுதான்.

கருவிழி: அங்கே நான் எழுதியதைப் பாதி வெட்டி ஒட்டியவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. குரங்குக்குப் பதில் சொல்லுங்கள்.

தென்றல்77: அப்படியானால் சீனாவில் குழந்தைகளுக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி காட்டுகிறார்களே, அது சரிதானா? நாளுக்கு 2 தடவை, 3 நிமிடம்.

கருவிழி: கிட்டப்பார்வை ஏறுவது குறைந்ததாக 2022இல் முடிவு வந்தது. ஆனால் அது கண்மணிக்குள் நேராகப் பாய்ச்சும் ஒளி, அறை விளக்கு இல்லை. 12 வயதுச் சிறுமி ஒருத்திக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதாக 2023இல் பதிவும் வந்தது. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

ஒளிவாத்தியார்: பேச்சை மாற்றாதீர்கள். கண் குவியத்தைத் துரத்தும். இயற்பியல் ஆளுக்கு ஆள் மாறாது.

கருவிழி: ஒளி வளைவது மாறாது. அதை வைத்து விழித்திரை என்ன முடிவெடுக்கிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறுகிறது. குரங்கு, வாத்தியாரே. குரங்கு.

ஒளிவாத்தியார்: கோழிக்குஞ்சு.